ஓர் ஊசி, நான்கு வேலை

மாதிரி விமானங்களில் பரவலாகப் பொருத்தப்படும் டூ-ஸ்ட்ரோக் என்ஜினின் கொள்ளளவு ஏழரை சிசி. (எண்ணைப் பார்த்துச் சனீஸ்வரனை நினைக்கவேண்டாம். அமெரிக்கக் கணக்கில் அது 0.46 கன அங்குலம், அதனால் ‘நாற்பத்தாறு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.) முழு வேகத்தில் இது நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும். அந்த ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் எரிபொருள் குடிக்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 0.0025 மில்லிலிட்டர் வருகிறது. சொட்டு மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரே ஒரு சொட்டை இருபது பங்கு வைத்தால், அதில் ஒரு பங்கு. வினாடிக்கு 200 தடவை இந்தப் பங்கீடு பிசகாமல் நடக்கவேண்டும். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, பெரும்பாலும் பம்ப்கூடக் கிடையாது. கார்புரேட்டருக்குள் செருகியிருக்கும் கூர்முனை ஊசி ஒன்றுதான் இதைப் பார்த்துக்கொள்கிறது. அந்த ஊசியை எங்கே நிறுத்துவது என்பது விமானத்தைக் கையில் வைத்திருப்பவரின் பொறுப்பு.

பைக் கார்புரேட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். பைக்கில் எரிபொருளின் அளவைத் தீர்மானிப்பது தொழிற்சாலையிலேயே துளையிட்டு வந்த ஜெட். அடியில் ஒரு கிண்ணம், அதில் ஒரு மிதவை. பெட்ரோல் மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் தொடுவது ஐடிலிங் ஸ்க்ரூவையும் ஏர் ஸ்க்ரூவையும் மட்டுமே. 2020-இல் பிஎஸ்-6 விதிகள் வந்த பிறகு புது பைக்குகளில் அந்த வேலையும் போய், இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. மாதிரி விமானமோ தலைகீழாகப் பறக்கும், செங்குத்தாக ஏறும், கரணம் போடும். மிதவைக் கிண்ணம் வைத்தால் முதல் கரணத்திலேயே அது பயனற்றுப் போகும். ஆகவே கிண்ணமும் இல்லை, நிலையான ஜெட்டும் இல்லை. காற்று நுழையும் குறுகிய கழுத்து, அதன் குறுக்கே ஒரு மெல்லிய குழாய், குழாய்க்குள் எரிபொருள் வரும் வழியை அடைத்தும் திறந்தும் வைக்கும் ஊசி. அவ்வளவுதான்.

ஊசியின் வேலை எரிபொருள் அளவு மட்டும் என்றால் இதில் எழுத ஒன்றுமில்லை. இந்த என்ஜினில் எரிபொருள் எரிபொருளாக மட்டும் இருப்பதில்லை. அதுதான் எண்ணெய், அதுதான் குளிரூட்டி, தீ எந்த நொடியில் பற்றவேண்டும் என்று சொல்கிற கடிகாரமும் அதுதான். ஊசியைக் கால் சுற்று திருப்பினால் நான்கும் சேர்ந்து மாறுகின்றன. புதிதாக வருகிறவர்கள் என்ஜினைக் கெடுப்பது பெரும்பாலும் இதை அறியாமல்தான்.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். இந்த என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. 1930களில் வந்த பழைய மாதிரி என்ஜின்களில் இருந்தது; கூடவே காயில், கண்டென்சர், பேட்டரி என்று ஒரு மூட்டையையும் விமானம் சுமந்து பறந்தது. 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் க்ளோ பிளக்கைக் கொண்டுவந்தார். ஒரு பிளக்கின் நுனியில் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள். ஒன்றரை வோல்ட் கொடுத்தால் செக்கச்செவேல் என்று ஒளிரும். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம், கம்பி தொடர்ந்து ஒளிர்ந்துகொண்டே இருக்கும். எரியும் வாயுவின் வெப்பம் அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் பிளாட்டினத்தின் குணம். மெத்தனால் ஆவியும் காற்றும் அதன் மேற்பரப்பில் பட்டதும் சுடர் இல்லாமலே வினைபுரிந்து வெப்பத்தை விடும். அந்த வினையில் கம்பி செலவாகாது. ஹம்ப்ரி டேவி 1817-இலேயே இதைப் பார்த்திருந்தார். சுரங்கத் தொழிலாளர்களின் பாதுகாப்பு விளக்குக்கான ஆய்வில் இருந்தபோது, எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையில் சூடான பிளாட்டினக் கம்பி சுடரின்றித் தானாகவே ஒளிர்ந்துகொண்டிருப்பதைக் கண்டார். நூற்றுமுப்பது வருடம் கழித்து அந்த வினை விளையாட்டு விமானத்தின் மூக்கில் வந்து உட்கார்ந்தது.

இப்படிப் பற்றவைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்பார்க் பிளக் என்றால் எப்போது பொறி விடவேண்டும் என்று இயந்திர அமைப்பு சொல்லும். க்ளோ பிளக் எப்போதும் சூடாகத்தான் இருக்கிறது. கலவை எந்தக் கணத்தில் பற்றும் என்பதைக் கம்பியின் சூடும், பிஸ்டன் தரும் அழுத்தமும், கலவையில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்பதும் சேர்ந்து முடிவு செய்கின்றன. எரிபொருள் கூடினால் கம்பி குளிர்ந்து, சற்றுத் தாமதமாகப் பற்றும். குறைந்தால் கம்பி சூடேறி முன்கூட்டியே பற்றும். பழைய பைக்கில் ‘டைமிங்’ வைக்க மெக்கானிக் தனியாக ஒரு தட்டைத் திருப்புவார். இங்கே அந்தத் தட்டும் இதே ஊசிதான்.

அடுத்தது குளிரூட்டும் வேலை. மெத்தனால் முழுமையாக எரிய அதன் எடையைப் போல 6.4 மடங்கு காற்று போதும். பெட்ரோலுக்கு 14.7 மடங்கு வேண்டும். ஆக, அதே காற்றுக்குப் பெட்ரோலைப் போல இரண்டே கால் மடங்குக்கும் மேல் மெத்தனால் உள்ளே போகிறது. தவிர, ஒரு கிலோ மெத்தனால் ஆவியாக ஏறத்தாழ 1,100 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். பெட்ரோல் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். இரண்டையும் பெருக்கினால், உள்ளே வரும் காற்றை மெத்தனால் ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாகக் குளிரவைக்கிறது. ஓடும் என்ஜினின் கார்புரேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். இரண்டு அங்குலம் தள்ளி சிலிண்டர் தலையில் கை வைத்தால் கொப்புளம்தான். ஊசியை மூடினால் இந்தக் குளிர்ச்சியும் குறைகிறது.

மூன்றாவது, எண்ணெய். டூ-ஸ்ட்ரோக் என்பதால் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான். அது ஒரே தடவை என்ஜின் வழியாகப் போய் சைலன்சரில் வெளியேறி, விமானத்தின் இறக்கையெல்லாம் பிசுபிசுக்கும். பாரம்பரியமான எண்ணெய் எது என்றால், நம் பாட்டிகள் மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய். மெத்தனாலில் நன்றாகக் கரையும். உலோகத்தைப் பற்றிக்கொண்டு விடாது. செயற்கை எண்ணெய்கள் எரிந்து மறைந்துவிடும் சூட்டிலும் இது பிசினாகக் கெட்டியாகி ஒரு படலத்தைத் தந்துகொண்டிருக்கும். முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் என்ஜின்களிலும் விளக்கெண்ணெய்தான் போட்டார்கள். அதன் புகையைச் சுவாசித்த பைலட்டுகளின் வயிறு என்ன ஆனது என்பதைப் பற்றிப் பல கதைகள் உண்டு. சர்வதேச வேகப்போட்டிகளில் இன்றும் எல்லோருக்கும் ஒரே எரிபொருள்: 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர்கள் செயற்கை எண்ணெயையும் கலந்து, மேலே 5 முதல் 15 சதவீதம் நைட்ரோமீத்தேன் சேர்ப்பார்கள். நைட்ரோமீத்தேன் மூலக்கூற்றிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. தன் எடையைப் போல 1.7 மடங்கு காற்று இருந்தாலே எரிந்துவிடும். அதனால்தான் நைட்ரோ அதிகமுள்ள டப்பாவுக்கு மாறினால் ஊசியையும் கொஞ்சம் அதிகமாகத் திறக்கவேண்டும்.

இப்போது ஊசியை மெல்ல மூடிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். எரிபொருள் குறைகிறது, கலவை ‘லீன்’ ஆகிறது. ஆரம்பத்தில் எல்லாம் நன்மையாகவே தெரியும். மிச்சப் புகை குறையும், சுற்று ஏறும், சத்தம் கூர்மையாகும். உச்சத்தைத் தொட்ட பிறகு மூடும் ஒவ்வொரு க்ளிக்கிலும் குளிர்ச்சி குறைந்து, எண்ணெய் குறைந்து, கம்பி சூடேறி, பற்றும் கணம் முன்னால் நகர்கிறது. முன்னால் பற்றினால் இன்னும் சூடு. அந்தச் சூட்டில் கம்பி இன்னும் முன்னால் பற்றவைக்கும். ஒன்று மற்றொன்றைத் தள்ளிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே எண்ணெய்ப் படலம் அறுந்து என்ஜின் சீஸ் ஆகும், அல்லது பிளக்கின் கம்பி தெறித்துப் போகும். உச்ச வேகமும் அழிவும் ஊசியின் இரண்டு மூன்று க்ளிக் தூரத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

எதிர்ப்பக்கம் திறந்தால் கலவை ‘ரிச்’. அதிகமாகத் திறந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். டூ-ஸ்ட்ரோக் என்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கவேண்டும். அளவுக்கு மீறி ரிச் ஆனால் ஒரு சுற்றில் பற்றாமல் விட்டுவிடும். பற்றாத அந்தச் சுற்றில் எரிந்த வாயு சேராததால், அடுத்த சுற்றுக்கு உள்ளே சுத்தமான கலவை இருக்கும், அது பற்றும். பிறகு மறுபடி ஒன்று விட்டுப்போகும். இப்படி ஒன்றுவிட்டு ஒன்று வெடிப்பதைப் பறக்கவிடுகிறவர்கள் ‘ஃபோர்-ஸ்ட்ரோக் அடிக்கிறது’ என்பார்கள். 12,000 சுற்றில் வினாடிக்கு 200 வெடிப்பு என்றால், இந்த நிலையில் சுற்றே குறையாவிட்டாலும் வெடிப்பு 100 ஆகிவிடும். அதிர்வெண் பாதியானால் காதுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். மேல் ஷட்ஜத்திலிருந்து கீழ் ஷட்ஜத்துக்கு. யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை, கேட்டவுடன் தெரியும்.

கயிற்றில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் விமானங்களில், வித்தைப் போட்டிக்காரர்கள் இந்தத் தாவலையே கருவியாக்கிக்கொண்டார்கள். 1940களின் கடைசியில் வந்த ஃபாக்ஸ் 35 போன்ற என்ஜின்களை வேண்டுமென்றே ஃபோர்-ஸ்ட்ரோக் எல்லையில் நிறுத்துவார்கள். சமமாகப் பறக்கும்போது அது சோம்பலாக ஓடும். மூக்கு மேலே தூக்கியதும் எரிபொருள் வரத்து சற்றுக் குறைந்து கலவை லீன் ஆகி, என்ஜின் டூ-ஸ்ட்ரோக்குக்குத் தாவி முழு பலத்தைக் கொடுக்கும். சமநிலைக்கு வந்ததும் திரும்பச் சோம்பல். த்ராட்டில் கம்பியே இல்லாத விமானம், தேவைப்படும் இடத்தில் தானாக வேகம் எடுத்தது. இத்தனைக்கும் அந்த என்ஜினில் இருந்தது ஒரே ஓர் ஊசி. மாதிரி என்ஜின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இதுதான். மின்மோட்டார்க்காரர்கள் இன்று மைக்ரோசிப் வைத்து இதே நடத்தையை நகல் எடுக்கிறார்கள்.

ரேடியோ விமானத்தில் நடைமுறை இப்படி. ஊசியை முழுதாக மூடி, அங்கிருந்து இரண்டு அல்லது இரண்டரைச் சுற்று திறந்து ஆரம்பிப்பது வழக்கம். என்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிடமாவது சூடேற விடவேண்டும். குளிர்ந்த என்ஜினில் வைத்த அளவு சூடான என்ஜினுக்குப் பொருந்தாது. பிறகு முழு த்ராட்டில். எழுந்து ப்ரொப்பெல்லருக்குப் பின்பக்கம் வரவேண்டும். 11 அங்குல ப்ரொப்பெல்லரின் நுனி 12,000 சுற்றில் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, பார்த்தால் வெறும் மங்கலான வட்டமாகத்தான் தெரியும். பல என்ஜின்களில் ஊசியைக் கார்புரேட்டரிலிருந்து பிரித்து என்ஜினின் முதுகுப்பக்கம் கொண்டுபோய் வைத்ததே விரல்களைக் காப்பாற்றத்தான்.

பின்னாலிருந்து ஊசியைக் க்ளிக் க்ளிக்காக மூடவேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வினாடி பொறுக்கவேண்டும், ஏனென்றால் சிலிண்டரின் சூடு உடனே மாறாது. சத்தம் ஏறும், ஏறும், பிறகு ஏறாமல் நிற்கும். அதுதான் உச்சம். மைதானத்தில் ஒருநாள் கல்லூரிப் பையன் ஒருவன் அங்கேயே கையை எடுத்துவிட்டான். “அண்ணே, இப்பதான் சும்மா கத்துது!” பக்கத்தில் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கத்துது தம்பி, அதான் பயமா இருக்கு. ரெண்டு க்ளிக் தொற.” பையன் மனமில்லாமல் திறந்தான். சுற்று ஒரு முந்நூறு இறங்கியது. பெரியவர் விமானத்தை அப்படியே தூக்கி மூக்கை வானத்துக்குக் காட்டினார். சத்தம் சன்னமாக ஏறி, அங்கேயே நின்றது. தலையாட்டிவிட்டுக் கீழே வைத்தார்.

அந்த முந்நூறு சுற்றைக் காதால் பிடிக்கமுடியுமா? 11,300-இலிருந்து 11,000-க்கு இறங்குவது, அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. சின்ன இடைவெளிதான். ஆனால் வீணைத் தந்தியைச் சுருதி சேர்க்கிறவர்கள் இதைவிடச் சின்ன பிசகையும் கேட்கிறார்கள். டாக்கோமீட்டர் வைத்துக்கொள்வதில் தவறில்லை. காது தயாராகிவிட்டால் அது பையிலேயே கிடக்கும்.

மூக்கைத் தூக்கிப் பார்ப்பது சடங்கில்லை, அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழரை சிசி என்ஜின் வினாடிக்கு 200 சுற்றில் இழுக்கும் காற்று உத்தேசமாக ஒன்றரை லிட்டர். ஊசிக் குழாய் மறைத்தது போக, கழுத்தில் மிஞ்சும் திறப்பு ஏறத்தாழ 30 சதுர மில்லிமீட்டர். ஆகவே காற்று அங்கே வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. பெர்னூலி சொன்னபடி கணக்கிட்டால் அழுத்தம் 1,500 பாஸ்கல் குறைகிறது, அதாவது 15 சென்டிமீட்டர் தண்ணீரைத் தூக்கும் அளவு உறிஞ்சல். காற்று விட்டுவிட்டுப் போவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் சில சென்டிமீட்டர்களில் பேசவேண்டிய அளவுதான். எரிபொருள் டேங்க் என்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது. விமானம் செங்குத்தாக ஏறினால் அரை டேங்க் எரிபொருள் கார்புரேட்டருக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே போய்விடும். உறிஞ்சும் பலம் முழுவதையும் அந்த உயரமே தின்றுவிடும். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கொஞ்சம் இறக்கினால் சொட்டு நிற்பது போலத்தான்.

இதற்கு எளிய வைத்தியம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சைலன்சரிலிருந்து ஒரு ரப்பர் டியூபை எடுத்து டேங்கின் மேல்பக்கத்தில் சொருகிவிடுவது. வெளியேறும் புகையின் அழுத்தம் எரிபொருளைப் பின்னாலிருந்து தள்ளும். அதிலும் ஓர் அழகு: என்ஜின் வேகம் கூடினால் தள்ளுதலும் கூடும். இருந்தாலும் சாய்வின் பாதிப்பு முற்றிலும் போய்விடாது. தவிர, வானத்தில் ப்ரொப்பெல்லருக்கு எதிர்ப்பு குறைந்து சுற்று ஏறும், அதனாலும் கலவை லீன் ஆகும். பறக்கப் பறக்க டேங்கில் மட்டம் இறங்குவதால் இன்னும் கொஞ்சம் லீன். கரணத்தின் அடிப்பகுதியில் எடை நான்கு மடங்கானால், டேங்க் மட்டத்துக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள உயர வித்தியாசமும் நான்கு மடங்காக வேலை செய்யும். டேங்கின் நடுக்கோடு ஊசிக் குழாயின் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ இருக்கவேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். கவனித்தால், வானத்தில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை லீன் பக்கமாகவே இழுக்கின்றன. தரையில் உச்சத்தில் வைத்த ஊசி, காற்றில் உச்சத்தைத் தாண்டிய ஊசி. தரையில் முந்நூறு சுற்றை விட்டுக்கொடுப்பது இந்த இழுப்புக்கான முன்பணம்.

அப்படியானால் நிறைய ரிச்சாகவே வைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். பழைய இரும்பு பிஸ்டன் என்ஜின்களுக்கு அது நல்ல யோசனை. இப்போதைய பல என்ஜின்களில் அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை சிலிண்டர். சிலிண்டர் மேல்நோக்கிப் போகப்போக மயிரிழை அளவு குறுகும். குளிர்ந்திருக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சியில் ‘கிறீச்’ என்று பிடிக்கும். ஓடும் சூட்டில் பித்தளை விரிந்து சரியான இடைவெளி உண்டாகும்படிதான் கடைந்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் ரிச்சாக, குளிர்ச்சியாக ஓட்டினால் அந்த விரிவு நடக்காமல் உச்சியில் பிஸ்டன் தேய்ந்துகொண்டே இருக்கும். பயத்தினால் கெடுத்த என்ஜின்களும் உண்டு.

ஐடிலிங் வேறு உலகம். த்ராட்டிலை மூடும்போது கார்புரேட்டரின் உருளை திரும்பி, திறப்பு அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் கீற்றாகச் சுருங்குகிறது. அங்கே பெரிய ஊசியின் பிடி குறைவு. அதனால் இரண்டாவதாக ஒரு சின்ன ஊசி உருளையின் அச்சிலேயே இருக்கும்; உருளை மூடும்போது பக்கவாட்டில் நகர்ந்து அந்த ஊசி எரிபொருள் குழாய்க்குள் நுழைந்து வரத்தைக் குறைக்கும். மலிவான, எளிய கார்புரேட்டர்களில் இதற்குப் பதில் முன்பக்கம் ஒரு காற்றுத் துளையும் ஒரு திருகாணியும் இருக்கும். இங்கேதான் பலர் குழம்புவார்கள். ஊசி வகையில் உள்ளே திருகினால் எரிபொருள் குறைந்து லீன் ஆகும். காற்றுத்துளை வகையில் உள்ளே திருகினால் காற்று குறைந்து ரிச் ஆகும். திசை நேர் எதிர். கையில் இருப்பது எந்த வகை என்று பார்க்காமல் திருகினால் அரைமணி நேரம் வீணாகும்.

கலவையைச் சோதிக்க டியூபைக் கிள்ளிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. 2,500 சுற்றுக்குப் பக்கத்தில் ஐடிலிங்கில் விட்டு, கார்புரேட்டருக்குப் போகும் டியூபை விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். வரத்து நின்றதும் உள்ளே இருப்பது குறைந்துகொண்டே வரும், அதாவது சில வினாடிகளில் கலவை ரிச்சிலிருந்து லீன் வரை முழுப் பயணம் போய்விடும். கிள்ளிய உடனே பட்டென்று நின்றால் ஏற்கெனவே லீன். சுற்று கிடுகிடுவென்று ஏறி வெகுநேரம் ஓடிப் பிறகு நின்றால் மிக ரிச். லேசாக ஏறி, மூன்று வினாடி போல இருந்து நின்றால் சரி. அப்புறம் கால் நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, திடீரென்று த்ராட்டிலைத் திறந்து பார்க்கவேண்டும். குளறிக் குளறிப் புகை கக்கிக்கொண்டு வேகமெடுத்தால், ஐடிலிங்கின்போது என்ஜினின் வயிற்றில் திரவமாக எரிபொருள் தேங்கியிருக்கிறது. சின்ன ஊசியைக் கொஞ்சம் மூடவேண்டும். புகையே இல்லாமல் விக்கி நின்றுவிட்டால் திறக்கவேண்டும். சின்ன ஊசியைத் தொட்ட பிறகு பெரிய ஊசியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. வரிசை மட்டும் மாறக்கூடாது: பெரியது முதலில், ஏனென்றால் எல்லா எரிபொருளும் அதைத் தாண்டித்தான் வருகிறது.

இவ்வளவு செய்தும் என்ஜின் ஒரு நேரம் ரிச்சாகவும் ஒரு நேரம் லீனாகவும் ஓடினால் ஊசியை விட்டுவிடவேண்டும், குற்றவாளி வேறு யாரோ. டியூபை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் விடை அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும்: பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ். டேங்க் விமானத்தின் உடலை நேரடியாகத் தொட்டால் அதிர்வில் எரிபொருள் நுரைக்கும். இடையில் ஸ்பாஞ்ச் வைத்தால் தீரும். டேங்குக்குள் எடையோடு தொங்கும் டியூபில் ஊசித்துளை விழுந்திருந்தாலும் குமிழ் வரும். குமிழே இல்லை என்றால் என்ஜினின் பின்மூடித் திருகாணிகள், கார்புரேட்டர் அடியிலுள்ள ரப்பர் வளையம். அந்த இடங்களில் கள்ளத்தனமாகக் காற்று நுழைந்தால் எந்த ஊசியும் அதை ஈடுகட்டாது. பிளக்கும் சாட்சி சொல்லும். கழற்றிப் பார்த்தால் கம்பி பளபளவென்று இருப்பது நல்லது. சாம்பல் பூத்து, சுருள் நெளிந்திருந்தால் லீனாக ஓடியிருக்கிறது. ரிமோட் கார் பந்தயக்காரர்கள் சிலிண்டர் தலையில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டி 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கப் பார்ப்பார்கள். கருவியை எந்த இடத்துக்குக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுவதால், புகையையும் சத்தத்தையும்தான் நான் அதிகம் நம்புவேன்.

வானிலையும் ஊசியைத் திருப்பும், யாரும் தொடாமலே. சென்னையில் டிசம்பர் காலை 22 டிகிரி. ஜூன் பிற்பகல் 35 டிகிரி, கூடவே கடற்காற்றின் ஈரப்பதம். சூட்டில் காற்று விரிகிறது. நீராவி வேறு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே கன அளவில் ஜூன் பிற்பகலுக்கு ஏறத்தாழ 6 சதவீதம் ஆக்சிஜன் குறைவு. எரிபொருளோ சூட்டில் இளகி இன்னும் தாராளமாக ஓடும், விளக்கெண்ணெய் கலந்ததென்றால் இன்னும் கூடுதலாக. ஆகவே டிசம்பரில் சரியாக வைத்த ஊசி ஜூனில் ரிச். அதனால் கெடுதல் இல்லை, கொஞ்சம் புகை, கொஞ்சம் சோம்பல். தலைகீழாகத்தான் ஆபத்து. புழுக்கமான பிற்பகலில் உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மழை ஓய்ந்த மறுநாள் குளிர் காலையில் ஊசியைத் தொடாமல் அப்படியே பறக்கவிட்டால் லீன் பக்கம் விழுந்துவிடும். ஊட்டிக்கு எடுத்துப்போனால் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே ஊசியை மூடவேண்டும், என்ஜினும் அதற்கேற்ப பலம் குறைந்துதான் ஓடும், இறங்கி மேட்டுப்பாளையம் வந்ததும் மறக்காமல் திறக்கவேண்டும்.

நாளின் கடைசி ஓட்டத்தில் என்ஜினை ஊசியால் நிறுத்தாமல் டியூபைக் கிள்ளி நிறுத்துவது வழக்கம், உள்ளே மிச்சம் இருக்கும் மெத்தனால் எரிந்து தீரட்டும் என்று. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பேரிங்குகள் ஒரு வாரத்தில் துருவேறும். நாலு சொட்டு எண்ணெயை உள்ளே விட்டு ப்ரொப்பெல்லரைச் சுற்றி வைக்கலாம். டேங்கையும் காலி செய்துவிடவேண்டும். ஊசியை இறுக்கி மூடி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது வேண்டாம். பித்தளை இருக்கையில் கூம்பு முனை அழுந்தித் தடம் விழுந்தால் அப்புறம் அது ஒழுங்காகப் பங்கிடாது. இன்று நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, அடுத்த முறை அரைச் சுற்று திறந்து தொடங்கினால் போதும்.